தென்கடற் சங்கும் வங்கத்து வளையும்

கங்கைக் கரையில் வாழும் தமிழராகிய நாம், ஆண்டு விழா மேடைகளில் வங்கத்துக்கும் தமிழகத்துக்கும் உள்ள பழந்தொடர்பைப் பற்றிப் பேசும்பொழுது, இராசேந்திர சோழனின் கங்கைப் படையெடுப்பையே முதற்கண் எடுத்துரைப்பது வழக்கம். 11ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அம்மன்னனின் படை வங்கம் வரை வந்ததும், கங்கை நீர் சோழ நாட்டுக்குச் சென்றதும், கங்கைகொண்ட சோழபுரம் எழுந்ததும் வரலாற்று உண்மைகள். அவை பெருமைக்குரியனவே. ஆயினும், படை வந்தது, வென்றது, மீண்டது. அத்தொடர்பு அத்துடன் முற்றுப்பெற்றது.

படையும் கொடியுமின்றி, பல நூற்றாண்டுகளாக நடந்துவரும் வேறொரு தொடர்பும் உண்டு. அதனைக் காண்பதற்குக் கல்வெட்டைத் தேடவேண்டுவதில்லை. டிராமிலும் பேருந்திலும் மெட்ரோவிலும் நமக்கெதிரே அமர்ந்திருக்கும் வங்க இல்லத்தரசியின் கையைப் பார்த்தாலே போதும். சிவந்த 'போலா' வளையை அடுத்து வெண்மையாக விளங்கும் 'சாங்கா' வளை, கடற் சங்கை அறுத்துச் செய்யப்பெறுவது. தமிழ்ப் பெண்ணுக்குத் திருமாங்கல்யம் எவ்வாறோ, வங்கப் பெண்ணுக்குச் சங்கு வளையும் நெற்றிக் குங்குமமும் அவ்வாறே. மணநாளில் ஏறிய அவ்வளை, கணவன் உள்ளளவும் கையைவிட்டு நீங்குவதில்லை.

அச்சங்கு எங்கே விளைகின்றது? வங்கத்துக்கும் கடல் உண்டு. ஆனால் கங்கையின் கழிமுகம் நன்னீரும் சேறும் கலந்த இடம். வளைக்கு வேண்டிய சங்கு அங்கு வாழ்வதில்லை. அது தெளிந்த உப்பு நீரும் மணற்றரையும் நாடும் உயிர். மன்னார் வளைகுடாவும் பாக் நீரிணையும் இலங்கையின் வடகரையும் அதன் தலையாய இருப்பிடங்கள். குசராத்துக் கரையிலும் அது கிடைக்கும். எனினும் வங்கத்துப் பட்டறைகள் நெடுங்காலமாகச் சிறந்ததென மதித்து வாங்கியது நம் தென்கடற் சங்கையே. அதனைக் கடலடியிலிருந்து எடுத்துத் தந்தோர் மூச்சடக்கி மூழ்கிய தமிழ் மக்கள். அவர்களுடைய வரலாற்றை ஒருவாறு தொகுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பண்டை நூல்களில் சங்கு

தமிழில் 'வளை' என்னும் சொல் சங்கையும் குறிக்கும், கையில் அணியும் அணியையும் குறிக்கும். இவ்விரண்டுக்கும் ஒரே பெயர் வழங்கும் ஒரு மொழியில், சங்கை அறுத்து அணியும் வழக்கம் மிகப் பழையதாயிருத்தல் வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும். சங்க இலக்கியத்தில் தலைவனைப் பிரிந்த தலைவியின் மெலிந்த கையினின்று வளை கழலுவதைப் புலவர் பலர் பாடியுள்ளனர். அவற்றுட் பல சங்கு வளைகளே.

அகநானூற்றின் 24ஆம் பாட்டில், வேள்வி செய்யாத பார்ப்பனர் அரத்தினால் சங்கை அறுத்து வளை செய்தனர் என்னும் அரிய செய்தி வருகின்றது. வளைக்குரிய பகுதியை அறுத்தெடுத்த பின் எஞ்சிக் கிடக்கும் சங்கின் நுனியை மலரின் அரும்புக்குப் புலவர் உவமையாக்கினார். பட்டறையை நேரிற் கண்டாலன்றி இவ்வுவமை தோன்றாது. அதே நூலின் 350ஆம் பாட்டு கொற்கைத் துறையைக் காட்டுகின்றது. பரதவர் சுறாமீனை விலக்கிக் கடலில் மூழ்கி வலம்புரிச் சங்கை எடுத்ததும், சங்கொலி முழங்கக் கரை திரும்பியதும், ஊரார் ஆரவாரத்துடன் அவர்களை எதிர்கொண்டதும் அதிற் கூறப்பெறுகின்றன. 'சுறா நீக்கி' என்னும் செய்தியை நாம் மனத்திற் கொள்ளல் வேண்டும். பின்னர் அது பயன்படும்.

நூற்சான்றுக்கு மண்ணும் துணைநிற்கின்றது. சென்னை மாகாண மீன்துறையில் முத்து, சங்கு ஆகியவற்றின் மேற்பார்வையாளராயிருந்த ஜேம்ஸ் ஹார்னல் என்னும் ஆங்கிலேயர், கொற்கையில் அறுத்த சங்குத் துண்டுகளைக் கண்டெடுத்தார். பண்டு அங்கு வளைப் பட்டறைகள் இருந்தன என்பதற்கு அவை சான்றாயின. அண்மைக் காலத்தில் கீழடி அகழாய்விலும் சங்கு வளைத் துண்டுகள் கிடைத்துள்ளன. இன்னும் பின்னோக்கின், சிந்துவெளி மக்களும் இதே வகைச் சங்கை அறுத்து வளை அணிந்தனர். குசராத்தின் நாகேசுவர் என்னுமிடத்தில் அவர்களுடைய சங்குப் பட்டறையே இருந்தது. ஆகவே இவ்வணி ஒரு மாநிலத்துக்கோ ஒரு மொழியினர்க்கோ மட்டும் உரியதன்று. பாரத நாடு முழுவதும் ஒரு காலத்தில் அணிந்து, பின்னர்ப் பலரும் கைவிட்ட அணி அது. தமிழ் மகளிர் கண்ணாடிக்கும் பொன்னுக்கும் மாறினர். வங்க மகளிர் மாறவில்லை. நம் பாட்டியர் அணிந்ததை அவர்கள் நமக்காகக் காத்து வைத்திருக்கின்றனர் என்று சொன்னாலும் மிகையாகாது.

வெளிநாட்டார் குறிப்புகளும் உண்டு. கி.பி. முதல் நூற்றாண்டைச் சார்ந்த 'பெரிப்ளூஸ்' என்னும் கிரேக்கக் கடல்வழி நூல், பாண்டிய நாட்டுக் கொற்கையில் முத்துக் குளிக்கும் வேலையைத் தண்டனை பெற்ற குற்றவாளிகள் செய்தனர் என்று கூறுகின்றது. மன்னனின் முடியிலும் ரோமாபுரிச் சீமாட்டியின் கழுத்திலும் மின்னிய முத்து, தண்டனையாக எடுக்கப்பட்டது என்பதை எண்ணுங்கால் நெஞ்சு கனக்கின்றது. 6ஆம் நூற்றாண்டில் கடல் வணிகராயிருந்து துறவியான காஸ்மாஸ் என்பவர், தென்னிந்தியக் கரையிலுள்ள மரல்லோ என்னும் துறையிலிருந்து சங்கு ஏற்றுமதியாயிற்று என எழுதினார்.

மூச்சடக்கிய தொழில்

முத்துக் குளித்தலைப் பற்றி உலகமெல்லாம் எழுதியுள்ளது. சங்கு குளித்தலைப் பற்றி எழுதினோர் சிலரே. ஆனால் முத்துச் சிப்பி பல ஆண்டுகள் விளையாமற் போவதுண்டு. சங்கோ ஏறக்குறைய ஆண்டுதோறும் கிடைப்பது. முத்து திருவிழா என்றால், சங்கே அன்றாடச் சோறு. தூத்துக்குடி, காயல்பட்டினம், கீழக்கரை முதலிய ஊர்களில் பல குடும்பங்களின் அடுப்பு எரிந்தது சங்கினாலேயே.

தென்மேற்குக் காற்று வலுத்து வீசும் மாதங்களில் கடல் கலங்கிவிடும். அடி தெரியாது. காற்று தணிந்து நீர் தெளிந்த காலமே சங்கு குளிக்கும் பருவம். விடியுமுன் நிலக்காற்றில் பாய் விரித்துத் தோணிகள் புறப்படும். சங்கு கிடக்கும் மணற்றரையை அடைந்ததும் தோணியை நிறுத்துவர். மூழ்குவோன் கயிற்றிற் கட்டிய கல்லில் காலை வைத்து, இடுப்பில் வலைப்பையைக் கட்டிக்கொண்டு, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு இறங்குவான். கல் அவனை விரைந்து அடிக்குக் கொண்டு செல்லும். தோணியிலிருப்பவன் கல்லை மேலே இழுத்துக்கொள்வான். அடியில் இருப்பவனுக்குக் கிடைப்பது ஏறத்தாழ ஒரு நிமிட நேரம். அதற்குள் மணலில் பாதி புதைந்து கிடக்கும் சங்கை, அது ஊர்ந்து சென்ற தடத்தைக் கொண்டு கண்டுபிடித்துப் பையிலிடவேண்டும். பின்னர்க் கயிற்றை அசைத்து மேலே வருவான். இளைப்பாறி மீண்டும் இறங்குவான். நண்பகல் தாண்டிக் கடற்காற்று எழும் வரை இவ்வாறே நடைபெறும்.

ஆழத்தைப் பாகத்தால் அளப்பது மீனவர் மரபு. விரித்த இரு கைகளின் நீளம் ஒரு பாகம், அதாவது ஏறக்குறைய 6 அடி. எட்டு, பத்துப் பாகம் மூழ்குவது சங்கு குளிப்போர்க்கு இயல்பு. நீரில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டலத்தின் அழுத்தம் கூடுகின்றது. மேலே மார்பு நிறைய இழுத்த காற்று, 10 மீட்டர் ஆழத்தில் பாதியளவாய்ச் சுருங்கிவிடும். செவிப்பறையை நீர் அழுத்தும். இளமையில் இவ்வழுத்தத்துக்குப் பழகுமுன் செவியிலும் மூக்கிலும் குருதி கசிவதுண்டு. செவிப்புலன் மங்கியவர் இத்தொழிலில் அரியவரல்லர்.

இவற்றோடு சுறாமீன் அச்சமும் உண்டு. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கரையைக் கண்ட வெனிசு நாட்டு மார்க்கோ போலோ, முத்துக் குளிப்பைப் பற்றி விரிவாக எழுதியுள்ளார். பெருமீன்கள் தீங்கு செய்யாவண்ணம் மந்திரத்தால் கட்டுவோர் இருந்தனர் என்றும், எடுத்த முத்தில் பத்தில் ஒரு பங்கு மன்னனுக்கும் இருபதில் ஒரு பங்கு அம்மந்திரக்காரர்க்கும் சென்றன என்றும் அவர் கூறுகின்றார். இவர்களையே நம் மீனவர் 'கடல்கட்டி' என அழைத்தனர். அகநானூற்றின் சுறா, ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட பின்னும் அதே கடலில் உலவியது, அச்சமும் அதுவே. ஆங்கிலேயர் ஆட்சியிலும் முத்துக் குளிப்புக் காலத்தில் கடல்கட்டியை அமர்த்தும் வழக்கம் நீடித்தது. மந்திரம் சுறாவைக் கட்டியதோ இல்லையோ, இறங்குவோனின் அச்சத்தைக் கட்டியது என்பதில் ஐயமில்லை.

இத்தொழிலில் ஈடுபட்டோர் யாவர் என்பதும் சிந்தைக்குரியது. தூத்துக்குடிப் பரதவர் 16ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்கரானவர்கள். கீழக்கரை, காயல்பட்டினம் முதலிய ஊர்களில் மூழ்கியோரும் சங்கு வணிகம் செய்தோரும் பெரும்பாலும் முஸ்லிம்கள். தூய மங்கலப் பொருளாக வங்கத்து இந்துப் பெண் போற்றும் வளை, சிலுவைக் குறியிட்டு இறங்கிய ஒருவனாலோ, இறைவனைத் தொழுது இறங்கிய மற்றொருவனாலோ எடுக்கப்பட்ட சங்கினின்றே பிறந்தது. அதனை யாரும் குறையாகக் கருதியதில்லை. சமய ஒற்றுமையைப் பற்றி நாம் எழுதும் நீண்ட கட்டுரைகளுக்கு இவ்வளை ஒன்றே விடையாகும்.

கடலுக்கு வைத்த காவல்

நிற்க. இக்கடல் எவரும் எப்பொழுதும் இறங்கி அள்ளும் பொதுச்சொத்தாக இருந்ததில்லை. முத்தும் சங்கும் அரசுக்குரியன என்பது பாண்டியர் காலத்து முறை. பின்னர்ப் போர்ச்சுக்கீசியர் வந்தனர். 1658ல் தூத்துக்குடியைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் அவ்வுரிமையைத் தமதாக்கிக் கொண்டனர். அவர்களுக்குப் பின் ஆங்கிலக் கம்பெனியாரும், அதன் பின் சென்னை அரசாங்கமும் அதனைத் தொடர்ந்தனர். இராமநாதபுரத்துக் கரையின் சங்குரிமை சேதுபதிகளுக்கிருந்தது. மூழ்கியவனுக்குச் சங்கு உரியதன்று; எடுத்துக் கொடுத்த எண்ணிக்கைக்குக் கூலியே உரியது.

வருவாயைக் கருதி எழுந்த இவ்வுரிமை, கடலுக்கு ஒரு காவலாகவும் அமைந்தது. குறிப்பிட்ட விட்டமுள்ள துளையிட்ட பலகையொன்று கரையில் இருக்கும். எடுத்த சங்கை அத்துளையில் இட்டுப் பார்ப்பர். நுழையாத பெருஞ்சங்கைக் கணக்கில் ஏற்பர். நுழைந்துவிடும் சிறுசங்கை மீண்டும் கடலில் விடவேண்டும். ஆட்டுக்கொம்பு போன்ற கூட்டில் முட்டையிட்டு, அதினின்று வெளிவரும் குஞ்சு, வளைக்கேற்ற அளவை அடையச் சில ஆண்டுகள் ஆகும். அதற்குள் எடுத்துவிட்டால் அடுத்த தலைமுறை இல்லை. ஆய்வுக்கூடமும் பட்டமும் இல்லாத ஒரு மரப்பலகை இவ்வுண்மையைக் காத்தது.

மேற்சொன்ன ஹார்னல் துரை இத்துறையில் அரும்பணி ஆற்றியவர். 1914ல் சென்னை மீன்துறை வெளியீடாக வந்த 'இந்தியாவின் புனிதச் சங்கு' என்னும் அவரது நூல், கடலடியிலிருந்து வங்கத்துக் கடைத்தெரு வரை சங்கின் முழு வரலாற்றையும் கூறுவது. ஆள்வோர் வகுப்பைச் சேர்ந்தவராயினும், மூழ்குவோரின் பழக்கவழக்கங்களையும் சொற்களையும் பொறுமையுடன் கேட்டெழுதினார்.

நாடு விடுதலை பெற்ற பின், 1955 முதல் 1961 வரை தூத்துக்குடியில் முத்துக் குளிப்பு நடைபெற்றது. அதன் பின் அங்கு முத்துக் குளிப்பு நடைபெறவில்லை. சங்கு குளித்தல் தொடர்ந்தது. தமிழக அரசு சேர்த்த சங்கு மேற்கு வங்க அரசு நிறுவனங்களுக்கு விற்கப்பட்ட காலமும் உண்டு. 1986ல் தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையேயுள்ள 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும், 560 சதுர கிலோமீட்டர் பரப்பில், கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பெற்றன. 1989ல் 10,500 சதுர கிலோமீட்டர் கொண்ட மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகம் ஏற்பட்டது. பவளப்பாறைகளை வெட்டியெடுத்ததனால் தீவுகளே தேய்ந்து நீரில் அமிழ்ந்தமை கண்டு எழுந்த விழிப்பு, அக்காவலை மேலும் இறுகச் செய்தது.

வங்கத்துப் பட்டறை

இனி, சங்கு வந்து சேர்ந்த இடத்தைக் காண்போம். 1563ல் கோவாவில் நூல் வெளியிட்ட கார்சியா தா ஓர்த்தா என்னும் போர்ச்சுக்கீசிய மருத்துவர், சங்கு வங்காளத்துக்குச் செல்லும் சரக்கு என்றும், முன்னாளில் அது இன்னும் அதிக ஆதாயம் தந்தது என்றும், வங்கப் பெண்களின் மணச்சடங்கோடு சங்கு வளை தொடர்புடையது என்றும் குறித்தார். அவ்வழக்கம் குன்றிவிட்டது என்பது அவர் கருத்து. நானூறு ஆண்டுக்கு மேலாயிற்று, வழக்கம் குன்றவில்லை. 1666ல் டாக்காவைக் கண்ட பிரெஞ்சு வணிகர் தாவர்னியே, அவ்வூரையும் மற்றோர் ஊரையும் சேர்த்து 2000 பேருக்கு மேற்பட்டோர் ஆமையோட்டாலும் கடற்சங்காலும் வளை செய்தனர் என எழுதினார்.

டாக்காவின் 'சாங்காரி பஜார்' இத்தொழிலின் தலைமைப்பீடமாக விளங்கியது. நெருங்கிய குறுகிய வீடுகள். முன்பகுதி கடை, பின்பகுதி பட்டறை. தொழிலாளி தரையில் அமர்ந்து, சங்கைக் கால்களுக்கிடையே இறுகப் பற்றி, பிறை வடிவான கனத்த வாளை இரு கைகளாலும் முன்னும் பின்னும் செலுத்தி வளையம் வளையமாக அறுப்பான். அவ்வளையங்களைக் கல்லில் தேய்த்து, சித்திரம் செதுக்கி, மெருகேற்றுவர். ஒரு சங்கில் நல்ல வளை சிலவே தேறும். அவ்வாள் போகும்போதும் அறுக்கும், வரும்போதும் அறுக்கும். ஆதலால் எப்பக்கம் திரும்பினும் துன்பமே என்னும் நிலையை வங்காளிகள் 'சாங்கேர் கராத்' என்பர். நாம் 'இருதலைக் கொள்ளி எறும்பு' என்கின்றோம். தென்கடற் சங்கு வங்கத்துப் பழமொழியிலும் இடம்பெற்றுவிட்டது.

அவர்தம் வணிகச் சொற்களைக் கேட்டால் நம் செவி குளிரும். தூத்துக்குடிச் சங்கைத் 'தித்குட்டி' என்றனர். 'ராமேசுவரி' என்றொரு வகை. 'கேலாகர்' என்றொரு வகை. முன்னது இராமேசுவரத்தையும் பின்னது கீழக்கரையையும் நினைவூட்டுவன என்பதைத் தமிழர்க்கு எடுத்துச் சொல்லவேண்டா. நம் ஊர்ப் பெயர்கள் நமக்கு முன்பே வங்கத்துக்கு வந்து, வங்காளியின் நாவில் உருமாறி வழங்கின.

1947ல் நாடு பிரிந்தபோது கைவினைஞர் பலர் மேற்கு வங்கம் பெயர்ந்தனர். 1971 மார்ச்சில் பாகிஸ்தான் படை டாக்காவிற் கொடுமை புரிந்தபோது சாங்காரி பஜார் பெருந்துன்பத்துக்குள்ளாயிற்று. அதன் பின்னும் பலர் எல்லை கடந்தனர். பாரக்பூரிலும் பிற இடங்களிலும் குடியேறிய அவர்கள், வாளையும் கைத்திறனையும் மட்டுமே கொண்டு மறுவாழ்வு தொடங்கினர். பாங்குரா மாவட்டத்து விஷ்ணுபூரில் நெடுங்காலமாகவே இக்கலை உண்டு. இன்று மின்விசை வாள் வந்துவிட்டது. உழைப்பு குறைந்தது, சங்குத் தூசி குறையவில்லை. தெற்கே ஒருவன் மூச்சடக்கி எடுத்ததை, இங்கே மற்றொருவன் தூசியைச் சுவாசித்து அறுக்கின்றான்.

காற்றுப் புட்டியும் கண்காணா நோயும்

1943ல் பிரான்சு நாட்டுக் கூஸ்தோவும் காஞானும் நீருக்கடியில் சுவாசிக்கும் கருவியை அமைத்தனர். அழுத்தி அடைத்த காற்றுப் புட்டியை முதுகிற் சுமந்து, வேண்டிய அளவு காற்றை வாயால் இழுத்துக்கொண்டு, மீன்போல் உலவ அது வழிசெய்தது. இதனையே 'ஸ்கூபா' என்கின்றனர். 1960களில் தூத்துக்குடியில், மத்தியக் கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தைச் சார்ந்த மகாதேவன், நாகப்பன் நாயர் என்னும் அறிஞர் இருவர் இக்கருவியுடன் மூழ்கி, முத்துப் பார்களையும் சங்குத் தரைகளையும் நேரிற்கண்டு ஆய்ந்தெழுதினர். தலைமுறை தலைமுறையாக ஒரு நிமிடத்துக்கு மேல் எவரும் காணாத கடலடியை அவர்கள் நின்று நிதானமாகக் கண்டனர்.

இக்கருவி ஒரு வரம். கல்லாதார் கையில் கேடும் ஆகும். மூச்சடக்கி மூழ்குவோன் ஒரு மார்புக் காற்றையே கொண்டு செல்கின்றான். விரைவில் மேலே வந்துவிடுகின்றான். கருவியால் சுவாசிப்பவனோ அழுத்தம் மிக்க காற்றை நெடுநேரம் உட்கொள்கின்றான். அக்காற்றிலுள்ள நைட்ரசன் குருதியிலும் தசையிலும் கரைகின்றது. அவன் சடுதியில் மேலே வரின், சோடாப் புட்டியைத் திறந்தாற்போல அக்காற்று உடலுக்குள்ளேயே குமிழியாகப் பொங்கும். மூட்டு வலியும், கைகால் முடக்கமும், சில வேளை மரணமும் விளையும். படிப்படியாக, இடையிடையே நின்று மேலே வருதல் வேண்டும் என்பதை 1908லேயே ஹால்டேன் என்னும் ஸ்காத்லாந்து அறிஞர் கணக்கிட்டு வகுத்துக் கொடுத்தார்.

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், பளிங்குபோல் தெளிந்த நன்னீர் ஊற்றுகளைப் பூங்காக்களாக வேலியிட்டுக் காக்கின்றனர். பீக்காக் ஊற்றுப் பூங்காவில், நீரடிக் குகைக்குள் மூழ்க விரும்புவோர் உரிய பயிற்சிச் சான்றைக் காட்டினாலன்றி இறங்க இயலாது. பொழுதுபோக்குக்காக மூழ்குவோர்க்கே அத்துணைக் காவல்! நம் கரையில் வயிற்றுக்காக மூழ்குவோர் பலர், தோணியில் வைத்த காற்றழுத்த இயந்திரத்திலிருந்து வரும் நீண்ட குழாயை வாயிற் கவ்விக்கொண்டு இறங்கும் காலம் வந்தது. கல்லும் கயிறும் கொண்டு தந்தை கற்பித்த முறை, இவ்வியந்திரத்துக்குப் பொருந்தாது. அதன் நோய் கண்ணுக்குத் தெரியாதது. ஹால்டேன் வகுத்த கணக்கைக் கற்பிக்க ஆசிரியர் இலர். தூத்துக்குடிப் பகுதியில் இவ்வாறு முடங்கியோரும் மாண்டோரும் உண்டு.

கருவியால் கடலுக்கும் இடர். ஒரு மூச்சுக்கு ஓரிரண்டு என எடுத்த காலத்தில், மனிதனின் மூச்சே சங்குக்கு வேலியாயிருந்தது. நெடுநேரம் அடியில் நிற்கும் வசதி வந்ததும் அவ்வேலி போயிற்று. விசைப்படகின் இழுவலையோ பெரிது சிறிது பாராமல் அள்ளுகின்றது. துளையிட்ட மரப்பலகை சொன்ன நீதியை வலை அறியாது.

முடிவுரை

இரயில்வே அலுவலகத்தில் சரக்குக் கணக்கு எழுதும் நமக்கு ஒன்று தெரியும். எந்தச் சரக்குச் சீட்டிலும் மூட்டையின் எண்ணிக்கை உண்டு, எடை உண்டு, கட்டணம் உண்டு, அனுப்பியோர், பெறுவோர் பெயர் உண்டு. அப்பொருளை உண்டாக்கியோன் பெயர் இல்லை. சங்கு வணிகத்தின் நெடிய வரலாற்றிலும் மன்னர், ஒல்லாந்தர், கம்பெனியார், அதிகாரிகள் யாவரும் பெயரோடு நிற்கின்றனர். மூழ்கியவன் மட்டும் பெயரின்றி நிற்கின்றான்.

கொல்கத்தாவில் வாழும் தமிழர் பலரும் தம்மை இந்நகருக்கு வந்தேறிய விருந்தினராகவே கருதுகின்றனர். கணக்கராகவும் சுருக்கெழுத்தாளராகவும் அலுவலராகவும் நாம் வந்தது ஒரு நூற்றாண்டுக்கு முன்னும் பின்னும். நமக்கு நெடுங்காலம் முன்பே நம் மீனவரின் உழைப்பு வந்து, இந்நாட்டு மணமகளின் கையில் மங்கலமாக ஏறி அமர்ந்தது. வங்கத்துக்கும் நமக்குமுள்ள உறவின் மூத்த தூதர்கள் அரசரும் புலவரும் அல்லர். பரதவரும் கீழக்கரை முஸ்லிம்களும் டாக்காச் சாங்காரிகளுமே.

அவ்வுறவு அறாதிருக்க வேண்டுமாயின் சிலவற்றை நாம் வேண்டிக் கேட்டல் தகும். மூழ்குவோர்க்கு முறையான பயிற்சி வேண்டும். அழுத்தநோய் கண்டவரைக் காக்கும் மருத்துவ வசதி கரைக்கருகிலேயே வேண்டும். சிறுசங்கைத் திருப்பிக் கடலில் விடும் பழைய நீதி, தோணிக்கும் விசைப்படகுக்கும் ஒன்றாக நடைபெற வேண்டும். இவை நம் கையில் இல்லையெனினும், தூத்துக்குடியிலும் கொல்கத்தாவிலும் உற்றார் உள்ள நாம் பேசினால் இரு கரையிலும் கேட்கும்.

நம்மால் உடனே ஆவதும் ஒன்றுண்டு. காளிகாட் கோயிலருகே சங்குக் கடைகள் உள்ளன. லேக் மார்க்கெட்டுக்குக் காய்கறி வாங்கச் செல்லும் நம் மகளிர்க்கு அவை தொலைவில் இல்லை. அடுத்த ஆண்டு விழாவில் அறுபடாத தென்கடற் சங்கொன்றையும் வங்கத்து வளையொன்றையும் அருகருகே வைத்து, நம் குழந்தைகளுக்கும் வங்க அண்டை வீட்டார்க்கும் இவ்வரலாற்றைச் சொல்வோமாக. வளையணிந்த ஓர் அன்னை, 'இது உங்கள் ஊர்க் கடலிலிருந்தா வந்தது?' என்று வியந்து கேட்பாளாயின், அக்கேள்வியே அப்பெயரற்ற மூழ்குவோனுக்கு நாம் செய்யும் சிறு கைம்மாறாகும்.